ஆண்டு போடாத தெரு வரைபடத்துக்கு வயது சொல்வது

பழைய தெரு வரைபடம் ஒன்று கையில் கிடைத்தால் கண் முதலில் தேடுவது ஆண்டைத்தான். நான்கு மூலையையும் பார்ப்போம், அட்டையின் உட்பக்கத்தைப் பார்ப்போம், மடிப்பைத் திருப்பிப் பார்ப்போம். பெரும்பாலும் இருக்காது. அச்சிட்டவர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பல நேரம் வேண்டுமென்றே விட்டிருப்பார். 1902 என்று போட்ட வரைபடத்தை 1904இல் யார் வாங்குவார்கள்? கடையில் தேங்கிய சரக்கு பழசு என்று தெரிந்துவிடக் கூடாது. அதனால் ‘புதிய வரைபடம்’, ‘இன்றுவரை திருத்தியது’ என்று பொதுப்படையாகப் போட்டுவிட்டு ஆண்டை விழுங்கிவிடுவார்கள். எந்த ‘இன்று’ என்று கண்டுபிடிப்பது இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது.

சரி, ஆண்டு இல்லாவிட்டால் என்ன? தெரு வரைபடம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களை ஒரே தாளில் அடைத்து வைத்திருக்கிறது. இந்த இடத்தில் பாலம் இருக்கிறது, இந்தத் தெருவுக்கு இன்ன பெயர், டிராம் இதுவரைதான் போகிறது, இந்தச் சிறைச்சாலை இன்னும் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பிறந்த நாள் உண்டு. பலவற்றுக்கு இறந்த நாளும் உண்டு. அந்தத் தேதிகள் நகராட்சித் தீர்மானத்திலோ செய்தித்தாளிலோ ரயில் கம்பெனியின் அறிவிப்பிலோ எங்கேயோ பதிவாகியிருக்கும். தாளையும் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வேலை.

தமிழ் நூல்களுக்குக் காலம் கணிப்பவர்கள் மேல் எல்லை, கீழ் எல்லை என்று பேசுவார்கள். ஒரு நூலில் ஓர் அரசன் பெயர் வந்தால் அந்த நூல் அவனுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அது மேல் எல்லை. அதிலிருந்து ஓர் உரையாசிரியர் மேற்கோள் காட்டியிருந்தால் நூல் அவருக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. அது கீழ் எல்லை. வரைபடத்துக்கும் இதே கணக்குதான். லண்டன் வரைபடத்தில் டவர் பிரிட்ஜ் திறந்த பாலமாக இருந்தால் 1894 மேல் எல்லை. 1905இல் திறந்த கிங்ஸ்வே என்ற அகலச் சாலை அதில் இல்லையென்றால், 1905 கீழ் எல்லை என்று தோன்றும். இந்த இரண்டும் சம எடை உள்ளவை என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். தாளில் ஒன்று இருந்தால், யாரோ மெனக்கெட்டு அதை வரைந்திருக்கிறார். இல்லையென்றால் அது கட்டப்படாமல் இருந்திருக்கலாம். வரைந்தவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்தும் சோம்பலில் விட்டிருக்கலாம். இருப்பது ஒரு சாட்சி. இல்லாதது பெரும்பாலும் சந்தேகம்தான். (இருப்பதும் சில சமயம் பொய் சொல்லும். அதற்கு அப்புறம் வருகிறேன்.)

அல்பாயுசுப் பெயர்கள்

இந்த வேலையில் இறங்கும் புதியவர்கள் பெரிய அடையாளங்களைத் தேடிப் போவார்கள்: தேவாலயம், அரண்மனை, கோட்டை. அவை முந்நூறு வருஷமாக அங்கேயே நிற்கும்; வயதைப் பற்றி வாய் திறக்காது. நமக்கு வேண்டியவை சீக்கிரம் பிறந்து சீக்கிரம் செத்தவை. ஒரு பெயர் எவ்வளவு அல்பாயுசோ அவ்வளவுக்கு அது நல்ல சாட்சி.

ரஷ்யாவின் பழைய தலைநகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் ஜெர்மனியோடு போர் தொடங்கியதும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பெயர் ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று பெட்ரோகிராட் ஆக்கினார்கள். 1924இல் லெனின் இறந்தவுடன் அது லெனின்கிராட் ஆனது. ஆகவே ‘பெட்ரோகிராட்’ என்று தலைப்புப் போட்ட தெரு வரைபடம் கையில் கிடைத்தால், வேறு எதையும் பார்க்காமலே பத்து வருஷத்துக்குள் வந்துவிட்டோம். ‘லெனின்கிராட்’ என்றால் 1991 வரை அறுபத்தேழு வருஷம் அலைய வேண்டும். ‘செயின்ட் பீட்டர்ஸ்பர்க்’ என்றால் இன்னும் மோசம். 1991இல் பழைய பெயரே திரும்பி வந்துவிட்டது.

பெர்லின் இதில் ஒரு சுரங்கம். மேற்குப் பகுதியில் ஒரு சதுக்கம். 1933 வரை ரைக்ஸ்கான்ஸ்லர் பிளாட்ஸ். அந்த ஆண்டு அடால்ஃப் ஹிட்லர் பிளாட்ஸ் ஆனது. 1947இல் மறுபடியும் ரைக்ஸ்கான்ஸ்லர் பிளாட்ஸ். 1963இல் தியோடர் ஹாய்ஸ் பிளாட்ஸ், இன்றுவரை அதுதான். நடுவில் உள்ள ஹிட்லர் பெயர் பதினான்கு வருஷத்துக்குள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் ரைக்ஸ்கான்ஸ்லர் பெயரைப் பார்த்துவிட்டு ‘ஹிட்லருக்கு முந்தையது’ என்று எழுதிவிட்டால் போச்சு. அது 1950களின் தாளாகவும் இருக்கலாம். இரண்டு முறை வாழ்ந்த பெயர்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது.

அதே ஊரின் கிழக்குப் பகுதியில் ஸ்டாலின் ஆலே என்ற பெருஞ்சாலை. 1949 டிசம்பரில், ஸ்டாலினின் 70ஆவது பிறந்த நாளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1961 நவம்பரில் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்ப் பலகைகளைக் கழற்றி, ஒரு பகுதியைக் கார்ல் மார்க்ஸ் ஆலே என்று மாற்றினார்கள். பெர்லின் சுவர் எழுந்தது அதே 1961 ஆகஸ்டில். ஒரே தாளில் சுவரும் ஸ்டாலின் ஆலேயும் இருந்தால் கணக்குப்படி மூன்று மாத இடைவெளி! இப்படி ஒரு பொருத்தம் கிடைத்தால் துள்ளிக் குதிக்கத் தோன்றும். குதிக்க வேண்டாம். பெயர் மாறிய செய்தி எட்டாத வெளிநாட்டு அச்சகம், மறுவருஷமும் பழைய பெயரையே போட்டிருக்கலாம்.

நியூயார்க்கிலும் இப்படி ஒரு குறுகிய கால இடைவெளி இருக்கிறது. வில்லியம்ஸ்பர்க் பாலம் 1903 டிசம்பரில் திறந்தது. லாங்ஏக்கர் ஸ்கொயர் டைம்ஸ் ஸ்கொயர் ஆனது 1904 ஏப்ரலில். பாலமும் பழைய பெயரும் ஒன்றாக இருந்தால் நான்கே மாதம். ஆனால் பாலம் பல வருஷமாகக் கட்டப்பட்டது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது, முன்கூட்டியே வரைந்திருப்பார்கள். பெயரோ தாமதமாகத்தான் தாளுக்கு வந்து சேரும். ஆகவே நான்கு மாதம் என்பது நிஜத்தில் நான்கைந்து வருஷம். கட்டடம் தாளில் சீக்கிரம் வரும், பெயர் தாமதமாக வரும் என்பதை ஒரு பொது விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வயது என்றால் எந்த வயது?

ஒரு வரைபடத்துக்கு ஒரே வயது என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். தெருக்களை அளந்த ஆண்டு ஒன்று. அந்த அளவையை வைத்து அச்சுக்கான செப்புத் தகட்டைச் செதுக்கிய ஆண்டு ஒன்று. தகட்டைக் கடைசியாகத் திருத்திய ஆண்டு ஒன்று. இந்தக் குறிப்பிட்ட தாளை அச்சிட்ட ஆண்டு இன்னொன்று. நான்குக்கும் நடுவில் ஐம்பது வருஷம்கூட இருக்கலாம்.

காரணம் செலவுதான். பெரிய நகரத்தைத் தெருத் தெருவாக நடந்து அளப்பது வருஷக்கணக்கான உழைப்பு. ரிச்சர்ட் ஹார்வுட் 1792 முதல் 1799 வரை லண்டனை வீடு வீடாக வரைந்து வெளியிட்டார். அதே வேலையை வில்லியம் ஃபேடன் 1807, 1813, 1819 ஆண்டுகளில் திருத்தித் திருத்தி மறுபடி விற்றார். ஸ்டான்ஃபோர்டு நிறுவனம் 1862இல் வெளியிட்ட பெரிய லண்டன் வரைபடமும் இப்படித்தான் பல காலம் ஓடியது. சார்லஸ் பூத் 1889இல் லண்டனின் வறுமையைத் தெருவாரியாக வண்ணம் தீட்டிக் காட்டிய புகழ்பெற்ற வரைபடத்துக்கு அடியில் கிடப்பதும் ஸ்டான்ஃபோர்டின் வரைபடம்தான். வண்ணம் 1889இன் செய்தி. அடியில் ஓடும் கோடுகள் அதற்கு முந்திய காலத்தவை.

திருத்தும் முறையைத் தெரிந்துகொண்டால் தாளிலேயே அதைப் பார்க்கலாம். செப்புத் தகட்டில் ஒரு தெருவை மாற்ற வேண்டும் என்றால், அந்த இடத்தில் செதுக்கியதைச் சுரண்டி எடுப்பார்கள். அங்கே பள்ளம் விழும். தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டி மேடாக்கி, மேற்பரப்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, அதன்மேல் புதிய கோட்டைச் செதுக்குவார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தடம் மிஞ்சும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: சுற்றிலும் உள்ள எழுத்துகள் மெலிந்து தேய்ந்திருக்க, ஒரே ஒரு சாலை மட்டும் கறுப்பாகக் கூர்மையாக நிற்கும். பழைய கோட்டின் நிழல் ஒன்று புதிய தெருவுக்குக் குறுக்கே மங்கலாக ஓடும். ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒருவர் கையெழுத்து, ரயில் நிலையப் பெயர்கள் மட்டும் வேறொருவர் கையெழுத்து என்பது சட்டென்று தெரியும். இந்த ஒட்டுவேலைகள் கண்ணில் பட்டுவிட்டால் வயதைக் கண்டுபிடிக்க அவைதான் வழி. ஒட்டுப்போட்டது எதுவோ அதுதான் கடைசியில் வந்தது. அதற்குத் தேதி கண்டுபிடித்தால் தாளின் மேல் எல்லை கிடைத்துவிடும்.

தகட்டுக்குப் பதில் கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் இந்தச் சுவடு அவ்வளவாகத் தெரியாது. அங்கே திருத்தம் சுலபம், ஆகவே தடமும் குறைவு.

ஒரு தாளை விரித்துப் பார்ப்போம்

லண்டன் தெரு வரைபடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். துணியில் ஒட்டி மடித்தது, ஆண்டு இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

நான் தபால் வட்டங்களில் தொடங்குவேன். தபால் சீர்திருத்தம் செய்த ரோலண்ட் ஹில் யோசனைப்படி 1857–58இல் லண்டனைத் திசைவாரியாகப் பத்து வட்டங்களாகப் பிரித்தார்கள். என்., என்.இ., இ., எஸ்.இ., எஸ். என்று எழுத்துகள். அதில் இரண்டு நிலைக்கவில்லை. நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் அப்போது தபால் துறை அதிகாரி. அவர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1866இல் என்.இ. வட்டத்தை எடுத்தார்கள், 1868இல் எஸ். வட்டத்தை எடுத்தார்கள். பிறகு 1917இல், போரின்போது, ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் எண் சேர்த்தார்கள். நம் தாளில் என்.இ. இல்லை, எஸ். இல்லை, எண்களும் இல்லை. அப்படியானால் 1868க்கும் 1917க்கும் நடுவில். ஐந்து நிமிஷத்தில் அரை நூற்றாண்டுக்குள் வந்தாயிற்று.

அடுத்தது ஆறு. ஆற்றின்மேல் போடும் பாலத்தை மறைக்க முடியாது. எல்லா வரைபடக்காரரும் அதைச் சேர்ப்பார்கள். டவர் பிரிட்ஜ் முழுக்கோடாக இருக்கிறது. திறந்தது 1894, ஆனால் கட்டத் தொடங்கியது 1886. ஆகவே 1886ஐ உறுதியாகவும் 1894ஐ உத்தேசமாகவும் எடுத்துக்கொள்வோம். மேற்கே, மில்பேங்க் கரையில் பெரிய சிறைச்சாலை ஒன்று இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஆறு இதழ் கொண்ட பூ மாதிரி இருக்கும். எந்த வரைபடத்திலும் தப்பாது. அது 1890இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. நம் தாளில் அந்தப் பூ இல்லை. அந்த இடத்தில் கலைக்கூடம் என்று இருக்கிறது. டேட் கேலரி திறந்தது 1897. இப்போது இரண்டு சாட்சிகள் கை கோத்துக்கொள்கின்றன: ஒன்று போனது, அதே இடத்தில் இன்னொன்று வந்தது. ஒரே இடத்தில் இப்படி ஒரு மாற்றம் கிடைத்தால் அது தனித்தனியான பத்துக் குறிப்புகளைவிட மேல்.

வடமேற்கில் மேரிலபோன் ரயில் நிலையம் தண்டவாளத்தோடு தெளிவாக இருக்கிறது. 1899 மார்ச்சில் திறந்தது. மேல் எல்லை 1899க்கு வந்துவிட்டது.

இனி கீழ் எல்லை. ஸ்ட்ராண்ட் சாலைக்கு வடக்கே கிங்ஸ்வே இல்லை என்பது மட்டும் இருந்தால் அது வெறும் ‘இல்லாத’ சாட்சி. அங்கே என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் ஹோலிவெல் தெரு, விச் தெரு என்று நெருக்கமான சந்துகள். கிங்ஸ்வேக்கும் ஆல்ட்விச்சுக்கும் இடம் விடுவதற்காக அந்தச் சந்துகளை 1901வாக்கில் இடித்துத் தள்ளினார்கள். ஆகவே தகட்டின் கடைசித் திருத்தம் 1899க்கும் 1901க்கும் நடுவில். 1900 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்த சென்ட்ரல் லண்டன் சுரங்க ரயில் தாளில் இல்லை என்பதைப் பார்த்து 1899 என்றே சொல்லிவிடலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சுரங்க ரயில் மண்ணுக்கடியில் போகிறது, தெருவைத் தொடவில்லை. அதைச் சேர்க்கச் சோம்பல்பட்ட வரைபடக்காரர் இருந்திருப்பார். விட்டுவிடுவோம்.

இப்போது அட்டையைப் பார்க்கிறோம். கடைசி வரியில் ‘மாட்சிமை தங்கிய மன்னரின் ஆதரவு பெற்ற’ வெளியீட்டாளர் என்று இருக்கிறது. மன்னர்! விக்டோரியா அரசி இறந்தது 1901 ஜனவரி 22. அதற்கு முன்னால் அறுபத்து மூன்று வருஷம் அங்கே மன்னர் என்று யாரும் இல்லை. ஆனால் உள்ளே, ஹேமார்க்கெட்டில் உள்ள நாடக அரங்கின் பெயர் ‘ஹெர் மெஜஸ்டிஸ்’ என்றே இருக்கிறது. அரசிக்குப் பின் வந்த எட்வர்டின் காலத்தில் அது ‘ஹிஸ் மெஜஸ்டிஸ்’ ஆகிவிட்டது. உள்ளே அரசி, வெளியே மன்னர். முரண்பாடு மாதிரி தெரிகிறது, ஆனால் நமக்கு வேண்டிய விடையே இதுதான். தகடு அரசி காலத்தில் கடைசியாகத் திருத்தியது. அட்டை மன்னர் காலத்தில் அச்சிட்டது. தெருக்கள் 1899–1901, தாள் 1901 அல்லது அதற்குச் சற்றுப் பின். ‘இந்த வரைபடம் 1900ஐச் சேர்ந்தது’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இந்த விஷயம் முழுக்க அமுங்கிப் போயிருக்கும்.

பொய் சொல்லும் கோடுகள்

இருப்பதும் சில சமயம் பொய் சொல்லும் என்றேன். பொய்களிலேயே அதிகம் தட்டுப்படுவது அவசரப் பொய். வரைபட வியாபாரிக்குப் போட்டியாளரைவிடத் தன் தாள் புதிதாகத் தெரிய வேண்டும். நகராட்சி ஒரு சாலையை அறிவித்தவுடன், மண் தோண்டுவதற்கு முன்பே வரைந்துவிடுவார். யோக்கியமானவர் புள்ளிக்கோடு போடுவார். மற்றவர் முழுக்கோடே போட்டுவிடுவார். சில அறிவிப்புகள் நடக்கவே நடக்காது. லண்டனின் நார்தர்ன் லைனை புஷி ஹீத் வரை நீட்டுவதாக 1930களில் திட்டம் போட்டார்கள். சுரங்க ரயில் வரைபடங்களில் ‘கட்டப்படுகிறது’ என்று அந்த நீட்சி இடம்பிடித்தது. போர் வந்தது, வேலை நின்றது, பிறகு திட்டமே கைவிடப்பட்டது. அந்த நிலையங்கள் தாளில் மட்டும் இருந்தன. வயது கணிப்பவருக்கு இது உண்மையில் வரப்பிரசாதம்: நடக்காத திட்டத்தைக் காட்டும் தாள், அந்த நம்பிக்கை உயிரோடு இருந்த சில வருஷங்களுக்குள் மட்டுமே அச்சாகியிருக்க முடியும்.

அடுத்தது அரசாங்கப் பொய். சோவியத் ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு விற்ற வரைபடங்களைப் பாதுகாப்பு என்ற பெயரில் வேண்டுமென்றே திரித்தே வெளியிட்டோம் என்று 1988இல் அந்நாட்டுத் தலைமை வரைபட அதிகாரியே ஒப்புக்கொண்டார். மாஸ்கோவின் சுற்றுலா வரைபடத்தில் உளவுத்துறைத் தலைமையகம் இருக்காது. ஊரில் எல்லாருக்கும் அது எங்கே என்று தெரியும். கிழக்கு ஜெர்மனி அச்சிட்ட பெர்லின் வரைபடங்களில் மேற்கு பெர்லின் வெறும் வெற்றிடமாகக் கிடக்கும், ஏதோ வயல்வெளி மாதிரி. இப்படிப்பட்ட தாளில் ‘இது இல்லை, ஆகவே கட்டப்படவில்லை’ என்று வாதிடுவது வீண்.

மூன்றாவது, திருடனைப் பிடிக்கப் போட்ட பொய். காப்பி அடிப்பவர்களை மாட்டவைக்க, இல்லாத ஒரு தெருவையோ ஊரையோ வரைந்து வைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் நியூயார்க் மாநில வரைபடத்தில் ‘அக்லோ’ என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டது. நிறுவனத்தார் இருவருடைய பெயர்களின் முதல் எழுத்துகளைக் கலைத்துச் சேர்த்த பெயர். பிறகு போட்டி நிறுவனத்தின் வரைபடத்தில் அதே பெயர் தென்பட்டது. பிடித்துவிட்டோம் என்று பார்த்தால், வரைபடத்தில் பெயரைப் பார்த்த ஒருவர் அந்த இடத்தில் ‘அக்லோ’ என்று கடையே வைத்துவிட்டார்! நம் வேலைக்கு இதில் உள்ள பாடம் வேறு. இரண்டு தாளில் ஒரே தப்பு இருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது. காப்பியின் அச்சு புதியதாக இருக்கலாம்; அதில் உள்ள தெருக்கள் மூலத்தின் வயதில் நின்றுவிட்டவை.

ஓரமும் பின்பக்கமும்

தெருக்களைப் பார்த்து அலுத்தால் ஓரத்துக்கு வாருங்கள். சில நிறுவனங்கள் ஆண்டை வாடிக்கையாளரிடம் மறைத்தாலும் தங்களுக்காக ஒரு மூலையில் குறித்து வைத்திருக்கும். எடின்பரோவின் பார்த்தலமியூ நிறுவனத்தின் தாள்களில் கீழ் ஓரத்தில் ‘ஏ48’ என்பதுபோல் சின்னதாக இருக்கும். ‘ஏ’ என்றால் ஆண்டின் முற்பாதி, ‘பி’ என்றால் பிற்பாதி. பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அச்சிட்ட காலம் முடிந்த கதை. பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே அரசு நிறுவனம் என்பதால் ஒளிவுமறைவு குறைவு; அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று தனித்தனியாகவே போட்டுவிடுவார்கள். நான்கு வயது என்று மேலே சொன்னதை அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி.

விளம்பரம் இருந்தால் அதிர்ஷ்டம். வரைபடத் தகட்டை முப்பது வருஷம் இழுத்தடிப்பவர்கள்கூட விளம்பரத்தைப் புதிதாகத்தான் போடுவார்கள். காசு கொடுத்தவன் பழைய முகவரியைச் சகித்துக்கொள்ள மாட்டான். தொலைபேசி எண் ஒன்றே போதும். லண்டனில் ‘வைட்ஹால் 1212’ என்பதுபோல் இணைப்பகத்தின் பெயரோடு எண் இருந்தால் 1960களின் பிற்பகுதிக்கு முந்தியது. அப்போதுதான் முழுக்க இலக்கமாக மாற்றினார்கள். 01 என்று தொடங்கினால் 1990 மே மாதத்துக்கு முன். 071, 081 என்றால் 1990–95. 0171, 0181 என்றால் 1995–2000. அதற்குப் பிறகு 020. விலை ‘2/6’ என்று ஷில்லிங் கணக்கில் மட்டும் இருந்தால் 1971 பிப்ரவரி 15க்கு முந்தியது; அன்றுதான் பிரிட்டன் தசமப் பணத்துக்கு மாறியது. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் என்ற தபால் எண் இருந்தால் 1963க்குப் பின். ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் 1943 முதல் 1963 வரையிலான பழைய மண்டல எண். ஜெர்மன் முகவரியில் தபால் எண் ஐந்து இலக்கமாக இருந்தால் 1993 ஜூலைக்குப் பின்.

எழுத்து வடிவமும் பேசும். ஆங்கிலத் தாளில் எஸ் என்ற எழுத்து எஃப் மாதிரி நீண்டு நின்றால் ஏறக்குறைய 1800க்கு முன். ஹெல்வெட்டிகா எழுத்துரு பிறந்தது 1957இல். அதற்கு முந்தியது என்று விற்கும் தாளில் அந்த எழுத்துரு இருந்தால், விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம்.

காகிதத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அது ஆண்டு சொல்லாது. ஆனால் மோசடியைச் சொல்லும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழைய கைக்காகிதத்தில் வரிவரியாகத் தடம் தெரியும். மழமழப்பான நெய்த வகைக் காகிதம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. மரக்கூழ்க் காகிதம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். மடிப்பில் பழுப்பேறி முறுக்கு மாதிரி ஒடிவது அதுதான். புற ஊதா விளக்கடியில் காகிதம் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், 1950வாக்கில் இருந்து சேர்க்கத் தொடங்கிய வெளுப்புப் பொருள் அதில் இருக்கிறது. 1850 வரைபடம் அப்படி ஒளிர்ந்தால் அது பின்னாளில் எடுத்த நகல். பூதக்கண்ணாடியில் கோடுகள் புள்ளி புள்ளியாக உடைந்தாலும் அதே தீர்ப்புதான். நகல் போடுவது குற்றம் இல்லை. நூற்றாண்டு விழாவுக்கு நகராட்சியே போடும். ஓரத்தில் இருந்த ‘மறுபதிப்பு’ என்ற வார்த்தையை யாராவது வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு விற்கும்போதுதான் சிக்கல்.

யாரோ மையில் எழுதிவைத்த ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அட்டையில் அழகான கையெழுத்தில் இருந்த ஓர் ஆண்டை நான் ஒருமுறை நம்பிவிட்டேன். அது வரைபடம் வாங்கிய ஆண்டாகக்கூட இல்லை. பழைய புத்தகங்களோடு அதைப் பெற்றுக்கொண்டவர் பெற்ற தேதியை எழுதியிருக்கிறார். உள்ளே இருந்த பாலம் ஒன்று காட்டிக்கொடுக்கும்வரை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தேதிகளை எங்கே சரிபார்ப்பது? விக்கிப்பீடியாவில் பெரிய பாலமும் நிலையமும் கிடைக்கும், முட்டுச்சந்து கிடைக்காது. சந்துகளுக்கு முகவரி டைரக்டரிகள்தான் கதி. பல நகரங்களில் ஆண்டுதோறும் தெருவாரியாக அச்சிட்டார்கள். ஒரு தெரு எந்த ஆண்டின் டைரக்டரியில் முதலில் தலைகாட்டுகிறது, எந்த ஆண்டில் காணாமல் போகிறது என்று புரட்டிக்கொண்டே போனால் பிடிபடும். பெயர் மாற்றங்களுக்கு நகராட்சிப் பட்டியல். லண்டன் கவுண்டி கவுன்சில் தன் எல்லைக்குள் உள்ள தெருப்பெயர்களையும் மாற்றங்களையும் புத்தகமாகவே போட்டது. ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்து தபால்காரர் திண்டாடியதால் 1930களின் பிற்பகுதியில் அது கூட்டம் கூட்டமாகப் பெயர்களை மாற்றியது. அந்த மாற்றத்துக்கு முன்னா பின்னா என்பதே பல தாள்களைப் பிரித்துவிடும். அப்புறம், ஆண்டு தெரிந்த வரைபடங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திக் காட்டுகிறது. டேவிட் ரம்சியின் வரைபடத் தொகுப்பும் இணையத்தில் இலவசம். முன்னும் பின்னும் ஆண்டு தெரிந்த இரண்டு தாள்களுக்கு நடுவில் நம் தாளைச் செருகிப் பார்க்கும்போது ஊரின் விளிம்பைப் பாருங்கள். நடு ஊரை எல்லாரும் திருத்துவார்கள். தோட்டமாக இருந்த இடம் எப்போது மனைகளாகப் பிரிந்தது என்பது விளிம்பில்தான் தெரியும்.

கிடைத்த விடையை எழுதும்போது ஒற்றை ஆண்டு எழுதாதீர்கள். நூலக அட்டவணைக்காரர்கள் சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு ஆண்டும் நடுவில் கோடும் போடுவார்கள். தாளில் அச்சாகாத ஆண்டு, நாங்கள் கணித்தது என்று அதற்கு அர்த்தம். பக்கத்தில் எதை வைத்துச் சொன்னோம் என்று ஒரு வரி: ‘மேரிலபோன் நிலையம் உண்டு, விச் தெரு உண்டு, அட்டையில் மன்னர்.’ நாளைக்கு வேறொருவர் வந்து ஒரு சாட்சியைத் தகர்த்தாலும் மற்றவை நிற்கும். அதையும் தாளின்மேல் எழுத வேண்டாம், தனிச் சீட்டில் எழுதுங்கள்.

தாளில் ஏற்கெனவே யாராவது கிறுக்கியிருந்தால் அதை அழித்துவிடவும் வேண்டாம். நம் லண்டன் தாளிலேயே, ஹோல்பர்னிலிருந்து ஸ்ட்ராண்ட் வரை அந்தச் சந்துகளை வெட்டிக்கொண்டு யாரோ பென்சிலால் இரட்டைக்கோடு இழுத்திருந்தால், அது கிங்ஸ்வே. 1905 அக்டோபரில் எட்வர்ட் மன்னர் திறந்துவைத்த சாலை. வெளியீட்டாளர் திருத்தாததை உடையவரே திருத்திக்கொண்டு, அந்தப் பழைய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் நடந்திருக்கிறார்.